விரிசலுக்கு ஒரு வினைச்சொல்

லான்வெரன் நகராட்சி நீச்சல் குளத்தின்
வடக்குச் சுவர் விழுந்தபோது மார்ச் மாதம், இரவு இரண்டரை.
வேல்ஸில் அந்நேரம் மழைதான் பெய்யும். பெய்தது.
நீந்த யாருமில்லை.
காவலாளி எம்ரிஸின் இடது முழங்கால் மட்டும்
செங்கலுக்கு அடியில் இருந்தது.

விசாரணை பதினோரு நாள்.
நான் குறிப்பெடுப்பவன்.
இரண்டு வரி விட்டுத் தட்டச்சு செய்பவன்.
அறிக்கையின் நான்காம் பத்திக்கு
ஒரு வினைச்சொல் தேவைப்பட்டது:
விரிசல் என்ன செய்தது?

கட்டிய நிறுவனத்தின் வழக்கறிஞர் அட்டர்பரி
'அரோஸ்' என்றார்.
எழுந்ததாம்.
ஆற்றிலிருந்து மூடுபனி எழுவதுபோல,
கூட்டத்தில் ஒரு சந்தேகம் எழுவதுபோல,
யாரும் எழுப்பாமல்.
மணமான சொல். கோட்டு போட்ட சொல்.
அதற்குக் கை கிடையாது,
ஆகவே கைரேகையும் கிடையாது.

பொறியாளர் கெரைண்ட் கண்ணாடியைத் துடைத்தபடி
'ஃபார்ம்டு' என்றார்.
உருவானது.
உறைபனிக்கும் சுண்ணாம்புக்கும் நடந்த பேரம்,
வருஷக்கணக்காய், இருட்டில்.
அதில் பொய் இல்லை.
தேதியும் இல்லை.

நகராட்சிக்குப் பிடித்தது 'அப்பியர்ட்'.
தோன்றுவதற்கு ஒரு கண் வேண்டும் அல்லவா?
கண் பட்ட நாளே பிறந்த நாள்.
அதற்கு முந்தைய நாள் விரிசலும் இல்லை,
அதைக் கவனிக்கும் கடமையும் இல்லை.
எவ்வளவு சுத்தமான கணக்கு.

ஆறாம் நாள்
அலமாரிக்கு அடியிலிருந்து மூன்று கடிதங்கள் கிடைத்தன.
நிருபர் பெண் எழுதினாள்: 'எமெர்ஜ்டு'.
உள்ளே இருந்தது வெளியே வந்தது.
கடிதங்களுக்கு அது பொருந்தியது.
விரிசலுக்கும் பொருந்துமோ என்று
ஒரு நிமிஷம் எல்லோரும் சுவரின் புகைப்படத்தைப் பார்த்தார்கள்.
அட்டர்பரி தண்ணீர் குடித்தார்.

எட்டாம் நாள் எனிட் ப்ராஸர் வந்தாள்.
பத்தொன்பது வருஷமாகக் குளத்தைக் கழுவியவள்.
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்,
ஈரம் ஒட்டிவிடும் என்பதுபோல.
நவம்பரில், என்றாள், ஓட்டில் ஒரு முடி கிடந்தது.
துணியால் துடைத்தேன். போகவில்லை.
நகத்தால் சுரண்டினேன்.
அப்போதுதான் தெரிந்தது, முடி இல்லை என்று.

பிறகு வாரம் ஒருமுறை
அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டாள்,
பக்கத்தில் தேதி.
ஜனவரியில் ஒரு பென்னி உள்ளே போனது.
திருப்பி எடுக்க முடியவில்லை.
மேலாளரிடம் சொன்னாள். இன்னொரு மேலாளரிடமும் சொன்னாள்.

ஆகவே அது 'டெவலப்' ஆனது என்கிறீர்களா, என்றார் தலைவர்,
உதவுகிற குரலில்.
எனிட் யோசித்தாள்.
குழந்தைகள் அப்படி ஆவார்கள், என்றாள்.
இது வந்தது, சார்.

வந்தது.
அரங்கில் யாரோ சிரித்தார்கள்.
நான் தட்டச்சு செய்தேன், பிறகு விரலை எடுத்துவிட்டேன்.
வந்தது என்றால் விருந்தாளி மாதிரி.
வாசலில் நின்றது.
வா என்று கேட்க ஒருத்தி இருந்தாள், கையில் துடைப்பத்தோடு.
வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
இரண்டாம் நாள் வரைவில்
யாரும் கேட்காமலேயே நான் 'அரோஸ்' என்று அடித்திருந்தேன்.
விரல் தானாகப் போனது.
எளிதான சொற்கள் அப்படித்தான்,
சரிவில் கிடக்கும் தண்ணீர்.

இறுதி அறிக்கையில் வினைச்சொல் இல்லை.
'விரிசல் ஒன்றின் இருப்பு குறித்துக்கொள்ளப்பட்டது.'
எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.
எம்ரிஸ் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு
கடைசிவரை உட்கார்ந்திருந்தான்.
பிறகு என்னிடம் கேட்டான்,
அப்படியென்றால் என்ன என்று.
பஸ் வந்துவிட்டது என்று சொன்னேன்.
உண்மையிலேயே வந்திருந்தது.

சான்றுப் பொருள் பதினான்கு
என் அலமாரியில் இருக்கிறது:
தப்பிப் பிழைத்த ஒரு வெள்ளை ஓடு,
குறுக்கே கோடு, கோடுகளுக்குப் பக்கத்தில்
எனிட்டின் சாய்ந்த எண்கள்.
கடைசித் தேதி பிப்ரவரி ஒன்பது.
அது ஓட்டின் விளிம்பில் இருக்கிறது.
அதற்கு மேல் எழுத
ஓடு இல்லை.